கையை வைத்தால் நிற்கும் உறுமல்

4 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய், ஏதாவது ஆகியிருந்தால் அக்கா ஞாபகம் வந்திருக்கும். போனில் சொல்லலாம் என்றால் மூன்றாவது நிமிஷத்தில் நாம் சண்டை போடுகிறோம், நான்காவது நிமிஷத்தில் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் அத்தானின் பாட்டுப் பெட்டி உறுமுகிறது.

பெட்டி என்று எழுதியது தெரிந்தால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். ஆம்ப்ளிஃபயர். ரெக்கார்ட் பிளேயரில் தட்டு சுற்றும்போது வருகிற மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கி இரண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்புகிற அந்த இரும்புப் பெட்டி. எனக்கு முன்பே இந்த வீட்டில் குடியேறியது. என்னைவிட அதிகம் நலம் விசாரிக்கப்படுவது. அதை என் சக்களத்தி என்று நான் சொல்வது உனக்குத் தெரியும்.

இந்த மாதத்துக்குள் எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்று அத்தானுக்கு இருபது நாள் லீவு சேர்ந்து கிடந்தது. மொத்தமாக எடுத்துவிட்டார். சர்வே ஆபீஸில் அவர் இல்லாமல் நிலங்கள் எல்லாம் நிம்மதியாக இருக்கும். இங்கே நிம்மதி போய்விட்டது. காலையில் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறார். பெட்டியைப் போட்டதும் 'ம்ம்ம்ம்' என்று ஆரம்பிக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் பிடிக்காதவர் மாதிரி ஒரே சுருதியில். பாட்டு ஏறும்போது தெரிவதில்லை. பாட்டு இறங்கினால் போச்சு.

"இது கேக்குதா உனக்கு?"

"கேக்குது."

"எங்கேருந்து வருதுன்னு தோணுது?"

எனக்கு அடுப்படியிலிருந்து தீய்ந்த வாசனை வருவதாகத் தோன்றுகிறது. இதைச் சொன்னால், "உனக்கு ரசனையே இல்ல" என்கிறார். ஒரு நாளைக்கு இருபது தடவை இந்தக் கேள்வி. நடுவில் சின்னவளையும் கூப்பிட்டு, "நீ சொல்லும்மா, கேக்குதா?" என்கிறார். ஒன்பது வயதுப் பெண், வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்க எதையும் கேட்பாள். அவளுக்கு ஸ்பீக்கரில் மட்டுமில்லை, சுவரிலும் கேட்கிறதாம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி உறுமியபோது நீதானே வந்து ஐந்து நிமிஷத்தில் அடக்கினாய்? "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாய். திறந்தபோது சத்தமே இல்லை. அந்த ஐந்து நிமிஷத்தைப் பற்றி உன் அத்தான் ஆறு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லித்தான் ஆஸ்பத்திரி அதிகாரியிடம் உனக்காகப் பேசினார். "ஊர்ல இருக்கிற மெக்கானிக் அத்தனை பேரும் கைவிட்டதை எம் மச்சினன் அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணினான் சார்" என்று சொல்லி உன்னை அங்கே சேர்த்துவிட்டார். ஆகவே அன்று என்ன செய்தாய் என்று நாலு வரி எழுது. அதையே இப்போதும் செய்துவிடுகிறோம்.

அக்கா

9 மார்ச்

அக்காவுக்கு,

ஏதாவது கெட்டுப்போனால்தான் எனக்குக் கடிதம் வரும் என்று எனக்கும் தெரியும். கணக்கு சரியாகிவிட்டது.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. நாலு மாடி, இருநூற்றுப் பத்து கட்டில், பராமரிப்புக்கு மூன்றே பேர். அதில் ஒருவர் எப்போதும் டீக்கடையில். நான் பார்ப்பது உயிர் காக்கிற மிஷின்கள். இதற்கு நடுவில் அத்தானின் ரெக்கார்டுக்கும் வைத்தியம் எழுத வேண்டியிருக்கிறது.

அன்று செய்ததையே இப்போது செய்ய முடியாது. ஒவ்வொரு உறுமலுக்கும் ஒவ்வொரு காரணம். அதை இங்கிருந்து விளக்கினால் உனக்குப் புரியாது.

முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் கரண்டில் ஓடுகிற ஒவ்வொன்றையும் பிளக்கோடு பிடுங்கிவிட்டுக் கேட்பது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். ஃபிரிட்ஜ், மிக்ஸி, டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், போன்கூட. அந்த ஒயர் இல்லாத போனின் அடிப்பலகை எப்போதும் பிளக்கில்தானே கிடக்கிறது? அதுதான் பெரிய திருடன். எதைப் பிடுங்கும்போது உறுமல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. ஒன்றைப் பிடுங்கி உடனே திருப்பி மாட்டாதே. குற்றவாளி கிடைக்கிறவரை எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற திருட்டும் உண்டு.

அப்புறம், சமீபத்தில் எதையாவது இடம் மாற்றினீர்களா? புதிதாக ஏதாவது வாங்கினீர்களா? அதை எழுது.

ஒன்று மட்டும். பெட்டியைத் திறக்க வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரை அதன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம் என்று அத்தானிடம் சொல். பழைய பெட்டி. உள்ளே கை வைத்தால் கெட்டுவிடும்.

தம்பி

13 மார்ச்

அன்புள்ள மேதைக்கு,

உன் யோசனைப்படி எல்லாவற்றையும் பிடுங்கினோம். ஃபிரிட்ஜைப் பிடுங்கினோம், இரண்டு லிட்டர் பால் திரிந்தது. டியூப் லைட்டைப் பிடுங்க முடியாது என்பதால் அத்தான் ஸ்டூல் போட்டு ஏறி பல்பு பல்பாகக் கழற்றினார். ராத்திரிச் சாப்பாடு டார்ச் வெளிச்சத்தில். ஃபேன் இல்லை. சின்னவள் விசிறியோடு தூங்கினாள். அவர் ஒவ்வொரு பிளக்கிலும் சின்னச் சீட்டில் நம்பர் எழுதி ஒட்டியிருக்கிறார், நிலத்துக்குக் கல் நடுவது மாதிரி. பதினேழு சீட்டு. மாடியில் குடியிருப்பவரிடமும் போய், "அஞ்சு நிமிஷம் உங்க வீட்டு மெயினை அணைக்கிறீங்களா, ஒரு சத்தத்தைத் தேடுறோம்" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் இப்போது என்னைப் பார்த்தால் பாவமாகச் சிரிக்கிறார்.

உறுமல் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் கூடியிருக்கிறது என்கிறார் அவர்.

போனையும் பிடுங்கிச் சுருட்டி பீரோவில் வைத்துவிட்டார். குற்றவாளி கிடைக்கிறவரை வெளியே எடுக்கக்கூடாதாம், நீயே எழுதியிருக்கிறாயாம். ஃபிரிட்ஜுக்கு மட்டும் நான் சண்டை போட்டு ஜாமீன் வாங்கினேன்.

எதையும் இடம் மாற்றவில்லை, புதிதாக எதுவும் வாங்கவும் இல்லை. இந்த வீட்டில் புதிதாக ஏதாவது வாங்கினால் அதைக் கொண்டாட ஊரையே கூப்பிட வேண்டும். டிவியை மட்டும் போன மாதம் உள் அறைக்குக் கொண்டுபோனேன். அதுவும் எத்தனை வருடச் சண்டைக்குப் பிறகு! அவர் பாட்டுக் கேட்கும்போது நான் டிவி பார்க்கக்கூடாது, நான் டிவி பார்க்கும்போது அவருக்கு மூக்கு விடைக்கும். இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். டிவியையும் பெட்டியையும் சேர்த்து ஏதோ ஒரு ஒயர் போயிருந்தது, அதைப் பிடுங்கிப் பரணில் போட்டாகிவிட்டது. அதற்கும் உறுமலுக்கும் சம்பந்தம் இருக்காது, டிவி இப்போது பக்கத்திலேயே இல்லையே.

எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரரின் தம்பி ரேடியோ ரிப்பேர் செய்கிறார். வந்து பெட்டியைத் திறந்து பார்க்கிறேன் என்றார். நீ வேண்டாம் என்றதால் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஏன் திறக்கக்கூடாது? உள்ளே புதையலா வைத்திருக்கிறாய்?

அக்கா

17 மார்ச்

அக்காவுக்கு,

கிண்டலை ஓரமாக வை. அந்த ரேடியோக்காரரைக் கூப்பிடாதே. கண்டவன் கை வைத்தால் அப்புறம் நான் வந்தாலும் சரிசெய்ய முடியாது. இதை நான் கோபத்தில் எழுதவில்லை.

கோபத்திலும்தான் எழுதுகிறேன். ஆறு வருடம் சத்தமில்லாமல் ஓடிய பெட்டி. அப்போது என் கை நன்றாக இருந்தது. இப்போது ஒரு மாதம் உறுமினால் தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம் உள்ளே பார்க்க வேண்டுமா? இங்கே நான் சேர்ந்தபோது எத்தனை மிஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன என்று கேட்டுப்பார். இன்று ஒன்றுகூட இல்லை. தலைமை டாக்டரே கூப்பிட்டுக் கைகொடுத்தார். அக்கா வீட்டில் மட்டும் எனக்கு மரியாதை இல்லை.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டிவியைப் பழைய இடத்திலேயே வை. பரணில் போட்ட அந்த ஒயரை எடுத்து, முன்பு இருந்த மாதிரியே டிவியையும் பெட்டியையும் சேர்த்து மாட்டு. உறுமல் போய்விடும். ஏன், எதற்கு என்று கேட்காதே. கடிதத்தில் எழுதுகிற விஷயமில்லை.

அது முடியாவிட்டால் ரெக்கார்ட் பிளேயரின் பின்னால் மெல்லிசாக ஒரு பச்சை ஒயர் தொங்கும். அது பெட்டியின் முதுகில் இருக்கிற திருகில் இறுக்கமாக இருக்கிறதா பார். ஆனால் முதலில் டிவி. இந்த வாரமே செய்.

தம்பி

21 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

டிவி வராது. உள் அறையை விட்டு அது வெளியே வருவதானால் அதோடு நானும் வெளியே போவேன். இதை அத்தானிடமும் சொல்லிவிட்டேன். காரணமும் சொல்லமாட்டாய், நான் மட்டும் கட்டிலை நகர்த்தி, மேசையை நகர்த்தி, மறுபடி அவருடைய மூக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? என்ன நியாயம் இது? பச்சை ஒயர் இறுக்கமாகத்தான் இருக்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

உன் படிப்பு எங்களுக்குத் தேவையில்லை. நாங்களே வைத்தியம் கண்டுபிடித்துவிட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை சின்னவள் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு ஜன்னலை எட்டிப் பார்த்தாள். உறுமல் நின்றது. கையை எடுத்தாள், வந்தது. வைத்தாள், நின்றது. உன் அத்தான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்துவிட்டார். "வெய்யி, எடு, வெய்யி, எடு" என்று அரை மணி நேரம். வேலைக்காரி முதல் தையல்காரர் வரை எல்லாருடைய கையையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. யார் வைத்தாலும் அடங்குகிறது. இரும்பு தெரிகிற இடத்தில் உள்ளங்கை முழுக்கப் பட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முடியாதாம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு ஸ்பீக்கரும் சமமாகக் கேட்காதாம். நடு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பாட்டாம். ஆகவே அவர் நாற்காலியில், நாங்கள் பெட்டியில். முறை போட்டிருக்கிறார். காலையில் நான், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சின்னவள். ஒரு பக்கப் பாட்டு முடிகிற வரை நான் சிலை மாதிரி நிற்கிறேன். ஒரு கையால் கீரை ஆய முடியாது என்பது இந்த வாரம்தான் தெரிந்தது. கட்டிக்கொண்டு வந்தபோது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சக்களத்திக்கு நாடி வேறு பிடிக்க வேண்டியிருக்கும் என்று.

கையில் லேசாக எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். சின்னவளுக்கு அது பிடித்திருக்கிறது. கிச்சுகிச்சு மூட்டுகிறது என்று சொல்லிச் சிரிக்கிறாள். செருப்பில்லாமல் நின்றால் இன்னும் நன்றாக அடங்குகிறது. நேற்று நான் வீட்டைத் துடைத்துவிட்டு ஈரக் காலோடு வந்து கை வைத்தேன். சுத்தமாக நின்றுவிட்டது, ஒரு துளி சத்தமில்லை. எறும்பு மட்டும் முழங்கை வரைக்கும் வந்தது. "இனிமே துடைச்சிட்டே வா" என்கிறார் உன் அத்தான். நாளையிலிருந்து துடைக்கிற நேரத்தையும் பாட்டு நேரத்தையும் ஒன்றாக வைத்துவிட்டோம்.

இப்போது சொல், யார் மெக்கானிக்?

அக்கா

24 மார்ச், கூரியரில்

அக்கா,

இதைப் படிக்கும்போது உன் கை எங்கே இருக்கிறது? பெட்டியில் இருந்தால் எடு. சின்னவள் கையை எடு. பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கு. உன் கை காய்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும். பிடுங்கிவிட்டு மீதியைப் படி.

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. உடனே போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அது பீரோவில் இருக்கிறது. நான்தான் பிடுங்கச் சொன்னேன். சர்வே ஆபீஸுக்கு அடித்தேன். "சார் லீவுல பாட்டுக் கேட்டுட்டிருக்காரு" என்று சிரித்தார்கள். யாரையாவது வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். ஆள் இல்லை என்று வைத்துவிட்டார்கள். தையல்காரர் நம்பர் என்னிடம் இல்லை. ரயில் ராத்திரிதான், ஏறினாலும் வந்து சேர நாளை மதியம் ஆகிவிடும். கூரியர்காரர் நாளைக் காலைக்குள் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதனால் அவருடைய மேசை ஓரமாகவே நின்று எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் மன்னித்துக்கொள்.

அந்த எறும்பு கரண்ட், அக்கா. உறுமல் நிற்பதற்குக் காரணம், அது உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது. காலில் ஈரம் இருந்தால் நன்றாகப் போகிறது. அதனால்தான் உனக்குச் சுத்தமாக நின்றது.

அது தரைக்குப் போவதற்கென்று பெட்டிக்குள் ஒரு ஒயர் உண்டு. எர்த் ஒயர். மூன்று கால் பிளக்கில் பெரிய காலிலிருந்து வந்து பெட்டியின் இரும்பில் மாட்டியிருக்கும். உள்ளே எது கெட்டாலும், இரும்பில் கரண்ட் வந்தால், ஆளைத் தொடாமல் அதன் வழியாகப் போய்விடும். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் கதவைச் சாத்திக்கொண்டு செய்தது அதைக் கழற்றியதுதான். கழற்றி, நுனியில் கருப்பு டேப் சுற்றி, மூலையில் மடக்கி வைத்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

அப்போது உறுமியதற்குக் காரணம், பெட்டிக்குத் தரைக்குப் போக இரண்டு வழி இருந்தது. ஒன்று அதன் சொந்த எர்த். இன்னொன்று டிவியோடு சேர்த்திருந்த ஒயர், கேபிள் டிவி வழியாக. இரண்டு வழி இருந்தால் அந்த வளையத்துக்குள் கரண்ட் சுற்றும், ஸ்பீக்கரில் உறுமும். டிவி பக்கத்து வழியைத்தான் முறையாக அடைக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன சாமான் வாங்கி மாட்ட வேண்டும், தேடினால் இரண்டு நாள் ஆகியிருக்கும். வாசலில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். அன்று காலைதான் எல்லார் முன்னாலும், "இவன் எதைத்தான் முழுசா முடிச்சிருக்கான்?" என்று சொன்னார். ஐந்து நிமிஷத்தில் முடித்துக் காட்டினேன்.

இத்தனை வருடம் பெட்டி அந்த டிவி ஒயரை நம்பித்தான் ஓடியது. நீ டிவியை நகர்த்தினாய். அதுவும் போயிற்று.

13-ஆம் தேதிக் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் டிவியைத் திருப்பி வை என்று எழுதினேன். இதை எழுதாமல் இருக்க முடியுமா என்று பார்க்கிறேன், முடியவில்லை. தெரிந்தும் ஒரு வாரம் சும்மா இருந்தேன். பெட்டியைத் திறந்தால் டேப் சுற்றிய ஒயரை அந்த ரேடியோக்காரர் பார்த்துவிடுவார், அத்தானிடம் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். நீங்கள் கை வைத்துக்கொண்டு நிற்பீர்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை. யாராவது அப்படி நிற்பார்களா?

கிடைத்ததும் போனை மாட்டு. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடு, போதும்.

தம்பி

26 மார்ச்

தம்பிக்கு,

போனில், "இருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். அதற்கு மேல் பேசியிருந்தால் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் கழித்து எழுதுகிறேன். கோபம் குறையவில்லை, கை மட்டும் நிதானத்துக்கு வந்திருக்கிறது.

கூரியர்காரர் வந்தபோது மணி பத்தே முக்கால். நான் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சின்னவளுக்கு ஜலதோஷம், பள்ளிக்கூடம் போகவில்லை, அதனால் காலை முறையையும் அவளே எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று உறையைக் கிழித்தேன். முதல் வரியைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். துடைத்து இன்னும் காயாத தரையில் வெறுங்காலோடு நிற்கிறாள். ஒரு கை பெட்டியில். இன்னொரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"கையை எடுடீ" என்று கத்தினேன். அவள் பயந்து எடுத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். பாட்டு அப்படியே இழுத்துக்கொண்டு செத்தது. உன் அத்தான், "பைத்தியமா உனக்கு? ஊசி கீறிடும்!" என்று எழுந்தார். கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன். ஒன்பது வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

ஆமாம், அவரிடம் கொடுத்துவிட்டேன். உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடமாக உன்னைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். "அவன் கெட்டிக்காரன், பொறுமைதான் இல்ல" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! யாராவது அப்படி நிற்பார்களா என்று கேட்டிருக்கிறாய். நிற்போம். எங்களுக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டு நின்றோம். உறுமுகிற பெட்டியால் ஒருவரும் சாகவில்லை. பயத்தில் எழுதாமல் இருந்தாய் பார், அந்த ஒரு வாரத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? டிவியை நகர்த்து என்று எழுதத் தெரிந்த கைக்கு, பெட்டியைத் தொடாதே என்று எழுத வரவில்லையா? ஒரு வார்த்தைதானே?

மத்தியானம் அந்த ரேடியோக்காரர் வந்தார். திறப்பதற்கு முன்னால், அவர் கொண்டுவந்த டெஸ்டரை வைத்துப் பார்க்க ஒரே ஒரு தடவை பிளக்கை மாட்டினார். இரும்பில் எங்கே தொட்டாலும் டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது. "யாரும்மா இதைத் தொட்டுட்டு நின்னது?" என்றார். திறந்தார். மூலையில் உன் டேப். ஆறு வருடத்தில் பிசின் உருகித் தூசி அப்பியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றில் பூச்சு விட்டுப்போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எறும்பு வராது, நேரே ஆள்தான் போயிருக்கும் என்றார். ஒயரைப் பழைய இடத்தில் மாட்டினார். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றாமல் ஓட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் போட்டுக் காட்டினார். உறுமல் இல்லை. டிவிதான் அந்தப் பக்கமே இல்லையே, இனிமேல் ஒரே வழிதானே. இந்த ஒரு ஒயருக்காக நாங்கள் பதினேழு சீட்டு ஒட்டினோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அத்தான் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தார். சின்னவளைக் கூப்பிட்டு அவள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். தட்டில் கை வைத்தபடியே கேட்டார்: "அங்கே ஒரு மிஷினும் உறுமலன்னு எழுதியிருந்தானே, அதை எப்படி நிறுத்தினான்?"

அந்த அதிகாரியிடம் உன்னைப் பற்றிப் பேசியவர் அவர். அவர் வாயால் சொன்ன ஐந்து நிமிஷத்தை நம்பித்தான் உன் கையில் அந்த ஆஸ்பத்திரியைக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் கேட்டதை நானும் கேட்கிறேன். அங்கே எத்தனை ஒயருக்கு டேப் சுற்றி வைத்திருக்கிறாய்? இதற்குக் காரணம் எழுதாதே, மேசை ஓரமாக நின்றுகொண்டு எழுதுகிறேன் என்று எழுதாதே, மன்னிப்பும் வேண்டாம். எத்தனை என்று மட்டும் எழுது.

அக்கா

30 மார்ச்

அக்கா,

இரண்டு.

ஒன்று, கீழ்த்தளத்தில் மருந்து வாங்க வரிசையில் நிற்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மைக்கின் ஆம்ப்ளிஃபயர். இன்னொன்று, காது சோதிக்கிற அறையில் இருக்கிற மிஷின். தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வார்கள். ஹெட்போனில் உறுமுகிறது, சோதனையே தப்பாக வருகிறது என்று டாக்டர் தினமும் திட்டினார். தலைமை டாக்டர் கைகொடுத்தது அதற்குத்தான்.

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. இரண்டையும் பிளக்கிலிருந்து பிடுங்கி, தொடக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டு, நேரே பராமரிப்பு அதிகாரியின் அறைக்குப் போனேன். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, காது அறையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் உட்காருவார்கள் என்று கேட்டார். பன்னிரண்டு பேர், பாதிக்கு மேல் குழந்தைகள் என்றேன். மிஷினைத் தொட்டது எப்போது என்றார். பதினான்கு மாதம் ஆகிறது என்றேன். ஒரு காகிதத்தில் பெருக்க ஆரம்பித்தார். பாதியில் பேனாவை வைத்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. ஆகவில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

என் டூல்ஸ் பையையும் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. யார் சிபாரிசில் சேர்ந்தாய் என்று கேட்டார்கள். அத்தான் பெயரைச் சொன்னேன், அவருக்கு இது எதுவும் தெரியாது என்றும் சொன்னேன். அவரிடம் இதை நானே போனில் சொல்கிறேன். அவர் கேட்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பேன், எடுக்கச் சொல்.

நேற்றுச் சாயங்காலம் வெளியே போகும்போது காது அறை பூட்டிக் கிடந்தது. வாசல் பெஞ்சில் ஒரு அம்மா, கூடவே ஆறு ஏழு வயதில் ஒரு பெண். என் சட்டையில் இன்னும் ஆஸ்பத்திரி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. "ஏன் சார் பூட்டியிருக்கு? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம்" என்றாள். மிஷின் ரிப்பேர் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"நான் அதுல ஒரு பாதுகாப்பு ஒயரைக் கழட்டி வெச்சிருந்தேன்மா. தொட்டா ஷாக் அடிக்கலாம். அதான் பூட்டிட்டாங்க" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னைத் திட்டவில்லை. "போன மாசம் இங்கதானே உக்கார வெச்சோம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பெண்ணைத் தன் பக்கம் திருப்பி, தலைமுடியை ஒதுக்கி, இரண்டு காதையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

தம்பி